2,563 இருக்கைகள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மதுரை மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் நடந்து போவது லேசான காரியமில்லை. ரயிலடியிலிருந்தும் பெரியார் பேருந்து நிலையத்திலிருந்தும் கட்டைப்பையும் கைக்குழந்தையுமாக ஜனம் வந்துகொண்டே இருக்கும். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான் என்று நாலா பக்கத்துக் குடும்பங்களும் ஜவுளி எடுக்க வருகிற வீதி அது. அந்த நெரிசலில் பெரும்பங்கு ஒரு பிரம்மாண்டமான ஜவுளிக்கடைக்குள் போகிறது. கடை நிற்கிற இடத்தில்தான் தங்கம் தியேட்டர் இருந்தது.

தங்கம் தியேட்டரில் முதல் படம் ஓடியதும் ஒரு தீபாவளி நாளில்தான். 1952 அக்டோபர் 17. படம் ‘பராசக்தி’. அன்று மதுரைக்காரர்கள் புதுத்துணி உடுத்திக்கொண்டு படம் பார்க்க வந்த இடத்துக்கு, இன்று அவர்களுடைய பேரன் பேத்திகள் புதுத்துணி எடுக்க வருகிறார்கள். பண்டிகையும் மாறவில்லை, கூட்டமும் குறையவில்லை. அன்று வந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள் என்பதுதான் வித்தியாசம். எனக்கு அது பெரிய வித்தியாசமாகப் படுகிறது.

தங்கத்தில் 2,563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று ஊரே சொல்லும். வெளியூர் உறவுக்காரர்களுக்கு மீனாட்சி கோயிலையும் நாயக்கர் மகாலையும் காட்டிவிட்டு மூன்றாவதாகத் தங்கத்தைக் காட்டுவார்கள். 1951 மக்கள்தொகைக் கணக்கில் மதுரை நகரில் இருந்தவர்கள் சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம் பேர். அரங்கு நிறைந்தால், ஊரில் 140 பேருக்கு ஒருவர் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார் என்று அர்த்தம். 2011 கணக்குப்படி நகரத்தில் 10 லட்சத்துக்கு மேல் ஜனம். அதே விகிதத்தில் இன்று ஒரு தியேட்டர் கட்டினால் 7,000 இருக்கைகளுக்கு மேல் போடவேண்டும். அப்படி ஒன்றைக் கட்ட யாருக்கும் தோன்றாது. 1952-இல் மதுரையில் ஒருவருக்குத் தோன்றியது, கட்டியும் காட்டினார்.

தியேட்டர் நின்ற வீதிக்கும் ஒரு கதை உண்டு. மதுரையைச் சுற்றி ஒருகாலத்தில் கோட்டையும் அகழியும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முன்பாதியில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், ஊர் மூச்சு முட்டுகிறதென்று கோட்டையை இடிக்க முடிவெடுத்தார். சுவரை இடித்து அகழியைத் தூர்த்து, அந்த இடத்தில் வீதிகள் போட்டார்கள். வேலையை நின்று நடத்தியவர்களில் ஒருவர் பெருமாள் மேஸ்திரி. நில அளவை செய்தவர் மாரெட். இருவர் பெயரும் வீதிப் பெயர்களாக நிலைத்துவிட்டன. கோட்டையை இடித்தவரின் பெயர் தாங்கிய வீதியில்தான் மதுரையின் மிகப் பெரிய திரையரங்கு எழுந்தது. பின்னால் அதே வீதியில் அதுவும் இடிபட்டது.

‘பராசக்தி’ அங்கே முதல் படமாக வந்ததில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு, ஏனென்றால் அது மதுரைக் கதை. ரங்கூனில் பிழைக்கிற மூன்று அண்ணன்களுக்கு மதுரையில் ஒரு தங்கை. போர்க்காலத்தில் அவர்கள் சிதறிப்போகிறார்கள். தங்கை கல்யாணி விதவையாகி, கைக்குழந்தையோடு இட்லி சுட்டு விற்றுப் பிழைக்கப் பார்க்கிறாள். முதல் படத்திலேயே சிவாஜி கணேசன் குணசேகரனாக வந்து நின்றார். அண்ணன்களில் ஒருவராக நடித்த எஸ்.எஸ். ராஜேந்திரன் மதுரைப் பக்கத்துச் சேடபட்டிக்காரர். கருணாநிதியின் வசனம், கிருஷ்ணன் பஞ்சு இயக்கம். பூசாரியின் அக்கிரமத்தையும் நீதிமன்றக் காட்சியையும் பார்த்துவிட்டுப் படத்தைத் தடைசெய்யச் சொல்லிக் குரல் எழுப்பியவர்கள் உண்டு. மீனாட்சி கோயிலிலிருந்து நடந்து வந்துவிடும் தூரத்தில், கோயில் நகரத்தின் நடுவில், இந்தப் படம் நூறு நாளைத் தாண்டி ஓடியது. படம் பார்த்தவர்களில் கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். மதுரைக்கு இந்த இரண்டும் ஒத்துப்போகும்.

1939 ஜூலையில் வைத்தியநாதய்யர் தலைமையில் மீனாட்சி கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நடந்தது. தங்கம் திறந்தது அதற்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து. கோயில் வாசலில் அத்தனை காலம் மறிக்கப்பட்ட ஒரு மனிதர், தியேட்டர் வாசலில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினால் யாரும் சாதி கேட்கவில்லை. தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகலை இடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இருக்கையை முடிவு செய்தது பிறப்பல்ல, கையில் இருந்த காசு என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். காசும் ஒரு பிரிவினைதான், மறுக்கவில்லை. பெஞ்சுக்கும் பால்கனிக்கும் நடுவில் இருந்த தூரம் சின்ன தூரமில்லை. ஆனாலும் பெஞ்சில் இருந்தவர் விசிலடித்தால் பால்கனியில் இருந்தவருக்குக் கேட்டது, பால்கனிக்காரர் அழுத அதே இடத்தில் பெஞ்சுக்காரரும் அழுதார். 2,563 பேரை வைத்து இது நடந்த ஊர் மதுரை.

நான் அந்தக் கூட்டத்துக்குள் போனது 1964-இல், ‘கர்ணன்’ படத்துக்கு. பொங்கலுக்கு வந்த படம். அத்தைதான் அழைத்துப் போனார். அந்தக் காலத்தில் படத்துக்குப் போகிற ஆண்கள் வீட்டில் ஒரு பெண்ணையாவது கூட்டிப் போவார்கள், பெண்கள் வரிசை சீக்கிரம் நகரும் என்பதற்காக. எங்கள் வீட்டில் அத்தையே முன்னால் நடந்தார். பித்தளைத் தூக்கில் தண்ணீர், முந்தானையில் முடிந்த சில்லறை, இடுப்பில் என் தங்கை.

“அங்கிட்டு இங்கிட்டுப் பராக்குப் பாக்காம என் கையப் பிடிச்சுக்க. தொலைஞ்சு போனீன்னா உங்கப்பனுக்கு நான் பதில் சொல்ல முடியாது.”

“அத்தை, இம்புட்டுப் பேரும் உள்ள உக்கார முடியுமா?”

“இன்னும் இம்புட்டுப் பேரு வந்தாலும் உக்காரலாம். நீ நட.”

ஒரு காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களும் அடுத்த காட்சிக்கு உள்ளே போகிறவர்களும் அந்த வீதியில் ஒரே நேரத்தில் எதிரெதிரே வருவார்கள். வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே படம் எப்படி என்று தெரிந்துகொள்ளலாம். ‘கர்ணன்’ பார்த்துவிட்டு வந்தவர்களுக்குக் கண் சிவந்திருந்தது. யாரோ ஒரு பெரியவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சோடாக்கடையில் நின்றார். படம் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது.

உள்ளே போனதும் முதலில் தெரிந்தது தூரம். பின்னால் திரும்பிப் பார்த்தால் முகங்கள் போய்க்கொண்டே இருந்தன, அதற்கும் மேலே பால்கனியிலும் முகங்கள். பிறகு சத்தம். முறுக்கு, கடலைமிட்டாய், கலர் விற்கிறவர்களின் குரல், கைக்குழந்தைகளின் அழுகை, பாட்டுப் புத்தகம் விற்கிற பையனின் ராகம், எல்லாம் கூரை வரை போய்த் திரும்பி வந்தன. விளக்கு அணைந்ததும் அத்தனையும் அடங்கவில்லை. முதலில் விளம்பர சிலைடுகள், அப்புறம் அரசாங்கத்தின் செய்திப்படம். செய்திப்படத்தில் எங்கோ ஒரு அணையைத் திறந்துகொண்டிருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. இயக்குநர் பந்துலுவின் பெயர் திரையில் வந்தபோதுதான் கை தட்டினார்கள். கை தட்டல் என்றால் இன்று நாம் கேட்கிற தட்டல் இல்லை. முன் வரிசையில் தொடங்கிப் பின்னால் போய், அங்கிருந்து பால்கனி ஏறி, மறுபடி இறங்கி வந்தது.

ஈஸ்ட்மென் கலரில் குருட்சேத்திரம் விரிந்தது. அந்தப் போர்க்காட்சிகளை நிஜமான குருட்சேத்திரத்திலேயே போய் எடுத்தார்கள் என்று அத்தை பக்கத்திலிருந்த முகம் தெரியாத அம்மாளுக்குச் சொன்னார், ஏதோ தானும் உடன் போய்வந்தது மாதிரி. கடைசியில் கர்ணன் தேர்ச்சக்கரத்தருகே அம்பு தைத்துக் கிடக்க, என்.டி. ராமராவின் கண்ணன் அந்தணர் வேடத்தில் வந்து அவன் செய்த தர்மத்தின் பலனையெல்லாம் யாசகமாகக் கேட்கிறார். கர்ணன் தன் ரத்தத்தால் அதைத் தாரை வார்க்கிறான். அப்போது அரங்கத்தில் பேச்சுச் சத்தம் இல்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒருசேர அழும்போது அது எப்படிக் கேட்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் எந்தக் கூட்டத்திலும் அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை.

அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் தயவில், சில வருஷம் கழித்து, ஆபரேட்டர் அறைக்குள் நின்று பார்க்கக் கிடைத்தது. அந்த அனலை மறக்க முடியாது. இரண்டு புரொஜெக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விளக்குக்கூடு, அதிலிருந்து கூரைக்குப் போகிற புகைக்குழாய். கூட்டுக்குள் பல்பு இல்லை. தாமிரம் பூசிய இரண்டு கார்பன் குச்சிகள் நுனியோடு நுனி பார்த்துக்கொண்டிருந்தன. மின்சாரத்தை விட்டு, குச்சிகளைத் தொடவைத்து, கொஞ்சம் விலக்கினால் நடுவில் வெள்ளை வெளேரென்று சுடர் பிடிக்கும். அந்தச் சுடரைப் பின்னாலிருக்கிற குழிக்கண்ணாடி குவித்து, பிலிம் வழியாகத் திரைக்கு அனுப்புகிறது. குச்சி எரிய எரியக் குட்டையாகும், இடைவெளி கூடினால் திரை மங்கும். ஆகவே ஆபரேட்டர் கண் எப்போதும் அந்தச் சுடர்மேல்தான். பக்கவாட்டில் பதித்த கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கவேண்டும்.

“கிட்ட வராத தம்பி, கண்ணு போயிரும்” என்றார் அவர்.

பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடுகிறது. 2,000 அடிச் சுருள் ஒன்று இருபத்திரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஒரு எந்திரத்தில் சுருள் முடியும் முன்பே மற்றதில் அடுத்த சுருளைப் பூட்டித் தயாராக நிற்கவேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டப் பொட்டு வந்து மறையும், உடனே இரண்டாவது எந்திரத்தின் மோட்டார் ஓடவேண்டும். சில விநாடி கழித்து இன்னொரு பொட்டு வரும், அப்போது ஒன்றை மூடி மற்றதைத் திறக்கவேண்டும். மூன்று மணி நேரப் படத்தில் எட்டுத் தடவையாவது இது நடக்கும். கீழே உட்கார்ந்திருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் ஒருவருக்கும் அந்தப் பொட்டு தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய தொழில். ஒரு விநாடி பிசகினால் அத்தனை பேரும் திரும்பி அந்தச் சின்ன ஜன்னலைப் பார்த்துக் கத்துவார்கள். நாள் முழுக்க அந்த அனலில் நின்றவரை அவர்கள் நினைத்துப் பார்த்தது அந்த ஒரு சமயத்தில் மட்டும்தான். அது நியாயமில்லை என்று அன்றைக்கே எனக்குப் பட்டது.

அறையின் மூலையில் எரிந்து தீர்ந்த கார்பன் துண்டுகள் கிடந்தன. அவர் எனக்கு இரண்டு கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் அவற்றுக்கு இருந்த மதிப்பு பேனாவுக்குக்கூடக் கிடையாது. பெட்டிக்கடைகளில் வெட்டிப் போட்ட பிலிம் துண்டுகளும் விற்பார்கள். பியூஸ் போன பல்பின் தொப்பியைக் கழற்றி, உள்ளே தண்ணீர் ஊற்றி, ஜன்னலைச் சாத்தி, வெளியே ஒருத்தன் முகக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பி ஓட்டை வழியாக அடிக்க, நடுவில் பிலிமைப் பிடித்தால் சுவரில் சிவாஜியோ எம்.ஜி.ஆரோ தெரிவார். அசையமாட்டார், அவ்வளவுதான். மதுரையில் என் வயதுப் பையன்களில் பாதிப்பேர் இப்படி ஒரு வீட்டுத் தியேட்டர் நடத்தியிருக்கிறார்கள்.

தங்கத்தில் நூறு நாள் ஓடுவது என்றால் என்ன என்று ஊருக்குத் தெரியும். தினம் மூன்று காட்சி, எல்லாம் நிறைந்தால் 7,689 பேர். நூறு நாளைக்கு 7,68,900 பேர். 1951-இன் மதுரை ஜனத்தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எல்லாக் காட்சியும் நிறையாது என்று வைத்துக்கொண்டாலும், ஊரில் எல்லோரும் பார்த்து முடித்த பிறகு சுற்றுவட்டாரமே வண்டி கட்டிக்கொண்டு வந்தால்தான் அந்தக் கணக்கு நடக்கும். ‘பராசக்தி’க்கு நடந்தது. ‘கர்ணன்’ நூறு நாள் ஓடிய நான்கு தியேட்டர்களில் மூன்று சென்னையில் இருந்தன, நான்காவது தங்கம். மதுரையில் ஒரு படத்துக்கு ஒரே தியேட்டர், ஒரே பிலிம் பெட்டி. அந்தப் பெட்டி வந்து இறங்குவதைப் பார்க்கவே ஆள் நிற்கும். இன்று ஒரு பெரிய நடிகரின் படம் வெளியாகிற அன்றைக்கு மதுரையிலேயே பல திரைகளில் ஒரே நேரத்தில் ஓடுகிறது. முதல் மூன்று நாளில் வசூல் முடிவாகிவிடுகிறது. நூறு நாள் போஸ்டர் என்பதைச் சின்னப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது.

எது தங்கத்தைப் பெரிதாக்கியதோ அதுவே அதைச் சாய்த்தது. அறுநூறு பேர் வந்தால் சின்னத் தியேட்டருக்கு அது அரங்கு நிறைந்த காட்சி. தங்கத்தில் அறுநூறு பேர் உட்கார்ந்தால் வெறிச்சோடிக் கிடக்கும். கால்பங்குகூட நிறையாத அரங்கில் நல்ல படமும் தோற்ற படமாகத் தெரியும். பார்த்துவிட்டுப் போனவர் வெளியே போய், ‘கூட்டமே இல்லைப்பா’ என்பார். எண்பதுகளில் வீடியோ டெக் வாடகைக்கு வந்தது. தெருவில் நாலு வீடு சேர்ந்து காசு போட்டு ராத்திரி முழுக்க மூன்று படம் பார்த்தார்கள். கொடைக்கானலில் ஒளிபரப்புக் கோபுரம் வந்தபின் மதுரை வீடுகளில் தூர்தர்ஷன் தெளிவாகத் தெரிந்தது. 1993-இல் சன் டிவி. ஊரும் நாலா திசையில் விரிந்து, புறநகர்களில் புதுத் தியேட்டர்கள் எழும்பின. நகரத்தின் நடுவில் ஒரு பெரிய மனை இருக்கிறது, அதில் ஒரு பெரிய கட்டடம் நாளுக்கு மூன்று நான்கு தடவை காலியாக இருக்கிறது என்றால், மனையின் விலை கட்டடத்தை விழுங்குவதற்கு அதிக காலம் ஆகாது. தொண்ணூறுகளில் தங்கம் மூடப்பட்டது. நெடுநாள் பூட்டிக்கிடந்தது. பிறகு இடித்தார்கள்.

உரிமையாளர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஓடாத தியேட்டருக்கு வரி கட்டி, மின்கட்டணம் கட்டி, ஆள் வைத்துக் காப்பாற்றச் சொல்லி இன்னொருவர் பணத்தில் நாம் ஆசைப்பட்டுக்கொண்டிருக்க முடியாது. என் வருத்தம் ஊரின்மேல். கோயிலின் ஒவ்வொரு தூணுக்கும் கதை சொல்லத் தெரிந்த ஊர், தன் நூற்றாண்டின் மிகப் பெரிய மண்டபம் இடிபடும்போது அதை ஒரு கட்டட வேலையாக மட்டும் பார்த்துக்கொண்டு கடந்து போனது. சென்னையில் வார்விக் மேஜர் என்பவர் 1913-இல் மவுண்ட் ரோட்டில் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் இன்றும் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்துக்குள் தபால்தலைச் சேகரிப்போருக்கான நிலையமாக நிற்கிறது. படம் ஓடுவது நின்று நூறு வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது, சுவர் நிற்கிறது. கைமாறியது தபால் இலாகாவுக்கு என்பதால் பிழைத்தது.

மதுரையில் சிந்தாமணி தியேட்டர் என்று ஒன்று இருந்தது. 1937-இல் எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்து, மதுரை ராயல் டாக்கீஸ்காரர்கள் எடுத்த ‘சிந்தாமணி’ ஒரே தியேட்டரில் ஒரு வருஷம் ஓடிய முதல் தமிழ்ப் படம். அந்த வசூலில் கட்டி, படத்தின் பெயரையே வைத்தார்கள். ஒரு சினிமா தனக்குத்தானே வீடு கட்டிக்கொண்டது என்று சொல்லலாம். அந்த வீடும் இப்போது இல்லை. ரயிலடி எதிரே விக்டோரியா எட்வர்டு மன்றத்துக்குள் ரீகல் தியேட்டர் இருந்தது. பகலில் அங்கே நூலகம், ஆறு மணிக்கு மேல் ஆங்கிலப் படம். பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் மாலையானால் எழுந்து வெளியே போய் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வருவார். எனக்கு ஆங்கிலம் பாதி அந்த நூலகத்திலும் மீதி அந்தத் திரையிலும் வந்தது. அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

2012 மார்ச்சில் ‘கர்ணன்’ மறுபடி வந்தது. பழைய நெகடிவைச் சுத்தம் செய்து, டிஜிட்டலாக்கி, ஒலியைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். நாற்பத்தெட்டு வருஷம் கழித்து வந்த படம் மறுபடியும் நூறு நாளைத் தாண்டியது. தமிழ் சினிமாவில் அது ஒரு பெரிய சம்பவம், நானும் போய்ப் பார்த்தேன். வண்ணம் அன்றைக்கு நான் பார்த்ததைவிடத் துலக்கமாக இருந்தது. அம்பு பறக்கிற சத்தம் ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் போனது. தங்கத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தால் எதிரொலியில் வசனத்தின் கடைசிச் சொற்கள் கலங்கித்தான் வரும், இங்கே ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. படத்தை மீட்டுவிட்டார்கள், அதில் சந்தேகமில்லை. அதைப் பார்த்த இடத்தை யாரும் மீட்கவில்லை. கண்ணன் கை நீட்டுகிற காட்சியில் என் வரிசையில் இருந்த ஒரு இளைஞன் கண்ணைத் துடைத்தான். ஆனால் இருநூறு பேர் அழுகிற சத்தத்தை ஸ்பீக்கர் மூடிவிடுகிறது.

ஜவுளிக்கடைக்குள்ளும் போயிருக்கிறேன், பேத்திக்குப் பாவாடை சட்டை எடுக்க. அங்கே வேலை பார்க்கிற பெண்கள் சின்ன வயசுக்காரிகள், பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்தவர்கள், நாள் முழுக்க நின்றுகொண்டே துணியைப் பிரித்துக் காட்டி மடித்து வைக்கிறார்கள். ஒரு பெண்ணிடம் இங்கே முன்பு என்ன இருந்தது தெரியுமா என்று கேட்டேன். “தியேட்டர் இருந்துச்சாம் தாத்தா, எங்க அம்மாச்சி சொல்லும்” என்றாள். அவளுடைய அம்மாச்சி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து அங்கே படம் பார்த்தவராம். என்ன படம் என்று கேட்பதற்குள் அடுத்த வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

செய்யக்கூடிய காரியம் ஒன்று பாக்கியிருக்கிறது. சினிமா லைசென்ஸ் என்பது மாவட்ட ஆட்சியர் கொடுப்பது, தொழிலில் அதைச் சி பாரம் என்பார்கள். அதற்கு விண்ணப்பிக்கும்போது கட்டட வரைபடம் தரவேண்டும். இருக்கை எத்தனை, எந்த வகுப்புக்கு எத்தனை வரிசை, வெளியேறும் வழி எத்தனை அடி அகலம், ஆபரேட்டர் அறை எங்கே, தீப்பிடித்தால் எந்தக் கதவு என்று எல்லாம் அதில் குறித்திருக்கும். தங்கத்துக்கும் சிந்தாமணிக்கும் அப்படி வரைபடங்கள் போட்டிருப்பார்கள். பழைய கோப்புகளை எடைக்குப் போடுவதற்கு முன்னால் யாராவது ஒரு கல்லூரி, ஒரு ஆய்வு மாணவர், கட்டடக்கலை படிக்கிற ஒரு பிள்ளை, அவற்றைத் தேடி எடுத்துப் படம் பிடிக்கவேண்டும். ஊர்ப் புகைப்பட ஸ்டூடியோக்களில் பழைய கண்ணாடி நெகடிவ்கள் கிடக்கும், வீடுகளில் பாட்டுப் புத்தகங்கள் கிடக்கும், தியேட்டர் முன்னால் நின்று எடுத்த கல்யாணக் கோஷ்டிப் படங்கள்கூட இருக்கும்.

அதைவிட அவசரம் ஆட்களிடம் பேசுவது. டிக்கெட் கிழித்தவர்கள், பெட்டி தூக்கியவர்கள், தட்டி எழுதியவர்கள், கார்பன் எரித்த ஆபரேட்டர்கள். கார்பனைத் தொட்டு வேலை பார்த்த கடைசித் தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்களிடம் கேட்கக் கேள்விகள் என்னிடம் இருக்கின்றன. அவ்வளவு தூரத்துத் திரைக்கு எத்தனை ஆம்பியர் ஓட்டினீர்கள், ஒரு குச்சி எத்தனை சுருளுக்கு வரும், நடுவில் கரண்ட் போனால் இரண்டாயிரம் பேரை எப்படிச் சமாளித்தீர்கள், ‘பராசக்தி’ நீதிமன்றக் காட்சியில் கைதட்டல் முடிகிற வரை சத்தத்தைக் கூட்டி வைத்தீர்களா, இல்லை ஜனம் அடங்கட்டும் என்று விட்டுவிட்டீர்களா. ஒலிப்பதிவுக்கு இப்போது கைபேசி போதும். ஜெய்ஹிந்துபுரத்திலோ செல்லூரிலோ ஏதோ ஒரு சந்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு இவற்றுக்கெல்லாம் பதில் தெரியும்.